குடல் புற்றுநோயைத் தடுக்க வலி மாத்திரையா? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மருந்துக் கடை, கோவில் மண்டபத்துச் சுகாதார முகாம், கிளினிக் வரிசை என்று எங்கு போனாலும் இந்தச் சந்தேகங்கள் காதில் விழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். பதில்கள் பொதுவானவை. யாருக்கு எந்த மாத்திரை என்பதை அவரவர் நோயும் மருந்துப் பட்டியலும் தெரிந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"வலி மாத்திரை சாப்பிட்டா குடல்ல புற்றுநோய் வராதாமே, நெசமா?"

பாதி நிஜம். ஆஸ்பிரினைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வந்திருக்கிறது. "குறைவாக" என்றுதான் சொல்ல முடியும், "வராது" என்று சொல்ல முடியாது. அந்தப் பலனும் உடனே கிடைப்பதில்லை. ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்துத்தான் தெரிய வருகிறது.

மறு பாதியை யாரும் சொல்வதில்லை. இதே மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், அவற்றில் சில மாரடைப்பைக்கூடக் கொண்டுவரும். அதனால் சிலருக்கு மட்டுமே இது நல்ல வழி. அந்தச் சிலர் யார் என்பதைத்தான் கீழே விளக்குகிறோம்.

"எந்தெந்த மாத்திரை இதுல சேரும்? பனடோலும் அதுதானே?"

பனடோல் சேராது. அதிலுள்ள பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், ஆனால் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் உள்புண்ணையும், தணிப்பதில்லை. குடல் புற்றுநோய்த் தடுப்பு என்ற பேச்சில் அதற்கு இடமே இல்லை.

அழற்சி தணிக்கும் மருந்துகளில் மூத்தது ஆஸ்பிரின். நம் ஊரில் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் கார்டிபிரின், கிளைபிரின் இரண்டுமே 100 மில்லிகிராம் ஆஸ்பிரின்தான். வோல்ட்டரன் என்ற பெயரில் வரும் டைக்ளோஃபெனாக், பொன்ஸ்தான் என்ற பெயரில் வரும் மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் எல்லாம் அதே குடும்பம். செலிப்ரெக்ஸ், ஆர்கோக்ஸியா இரண்டும் அந்தக் குடும்பத்தின் புதிய கிளை. குடும்பம் ஒன்றுதான், ஆனால் குணம் வேறு வேறு. ஆஸ்பிரினுக்குச் சொல்வதை மற்றதற்கும் பொருத்திப் பார்த்து ஏமாற வேண்டாம்.

"இடுப்பு வலி மாத்திரைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?"

உடலில் புண்ணோ வீக்கமோ ஏற்பட்டால் 'காக்ஸ்' என்ற நொதி வேலை செய்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களை உண்டாக்கும். இந்த நொதியில் இரண்டு வகை உண்டு. காக்ஸ்-1 எப்போதும் வேலையில் இருக்கும்: வயிற்றின் உள்தோலைக் காக்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போக உதவும், ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகளை இயக்கும். காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி வந்த இடத்தில்தான் தலைதூக்கும். பெருங்குடலில் முளைக்கும் பாலிப் என்ற சிறு கட்டிகளிலும் புற்றுநோயிலும் இந்தக் காக்ஸ்-2 அளவுக்கு மீறி இருக்கிறது. அதிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின், "பெருகு, சாகாதே, புது ரத்தக்குழாய் போடு" என்று செல்களை முடுக்கிவிடுகிறது. நொதியை அடைத்தால் அந்த முடுக்கம் தணியும்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் முக்கியமாக ரத்தத்தட்டுகளைத் தாக்குகிறது. ரத்தத்தட்டுக்கு உட்கரு இல்லாததால் அடைபட்ட நொதிக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதனால் முடியாது. தன் ஆயுளான 7 முதல் 10 நாள் முழுவதும் முடங்கியே கிடக்கும். பாலிப்பைத் தூண்டிவிடுவதில் ரத்தத்தட்டுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தினமும் ஒரு சின்ன மாத்திரையே போதுமானதாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தக் கசிவு வருவதும் இதே காரணத்தால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

"இதை யாரு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

1983இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் வாடல், பரம்பரையாகக் குடலில் பாலிப் முளைக்கும் குடும்பத்தினருக்கு வேறு கட்டிக்காக சுலிண்டாக் என்ற வலி மாத்திரை கொடுத்தபோது, பாலிப்புகளும் மறைவதைக் கண்டு எழுதினார். 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வில் ஆஸ்பிரின் சாப்பிடுவோரிடம் குடல் புற்றுநோய் குறைவாக இருப்பது தெரிந்தது. 1991இல் ஆறு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களைக் கவனித்த ஆய்வு, மாதம் 16 முறையாவது ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் குடல் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவு என்றது.

அவை கவனித்து எழுதியவை. ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகள்தான் கூடுதல் நம்பிக்கை தருபவை. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் குழு, பழைய இதயநோய்ச் சோதனைகளில் இருந்தவர்களை 20 ஆண்டு வரை பின்தொடர்ந்து பார்த்தது. சில ஆண்டுகள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 24 விழுக்காடும், அதனால் வரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. தினம் 75 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டும் கூடுதல் பலன் இல்லை. அமெரிக்கப் பெண்கள் ஏறக்குறைய 40,000 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் 100 மில்லிகிராம் கொடுத்த சோதனையில், பத்து ஆண்டு வரை எந்த வித்தியாசமும் இல்லை. 18 ஆண்டுக் கணக்கில்தான் 20 விழுக்காடு குறைவு தென்பட்டது.

"இவ்வளவு நல்லதுன்னா எல்லாருக்கும் குடுத்துட வேண்டியதுதானே? அரசாங்கம் ஏன் குடுக்கல?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு நட்டமாக முடிகிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின்கூட வயிறு, குடலில் கடுமையான ரத்தக் கசிவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. மூளைக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. பலன் கிடைக்கப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கெடுதலுக்கு அப்படித் தவணை இல்லை, முதல் மாதத்திலேயே வரலாம்.

அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவே இதில் மனம் மாறியிருக்கிறது. 2016இல், மாரடைப்பு வாய்ப்பு அதிகமுள்ள 50 முதல் 59 வயதினருக்கு, இதயத்துக்கும் குடலுக்கும் சேர்த்துக் குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது. 2022இல், குடல் புற்றுநோய் விஷயத்தில் ஆதாரம் போதவில்லை என்று அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. பழைய தாளிகைத் துண்டை வைத்துக்கொண்டு "அமெரிக்காவிலேயே சொல்லிட்டாங்க" என்று சொல்பவர்கள் 2022ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமி, மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்று மலேசிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கிருமியோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பல மடங்காகும். முன்பு அல்சர் வந்தவர்கள் எந்த நீண்டநாள் ஆஸ்பிரினுக்கும் முன்னால் இந்தக் கிருமிக்கான பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

"ஹார்ட்டுக்கு டாக்டர் கார்டிபிரின் குடுத்திருக்காரு. அப்ப எனக்குக் குடலும் காப்பாத்தப்படுதா?"

கொஞ்சம். மாரடைப்பு வந்தவர்கள், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழல் வைத்தவர்கள், அடைப்பால் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் எப்படியும் தேவை. குடலுக்குக் கிடைப்பது உபரி லாபம். அதற்காக அளவைக் கூட்ட வேண்டாம், மலத்தில் ரத்தம் பார்க்கும் சோதனையைத் தவிர்க்கவும் வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: கார்டிபிரினோடு ஐபுப்ரோஃபென் சேர்த்தால், ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு நொதியில் உட்கார்ந்து ஆஸ்பிரினின் வேலையைத் தடுத்துவிடும். தவிர்க்க முடியாத நாளில், பூச்சு இல்லாத ஆஸ்பிரினை முதலில் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழித்து ஐபுப்ரோஃபென் எடுக்க வேண்டும். ஐபுப்ரோஃபென் முதலில் என்றால் எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பூச்சு மாத்திரைக்கு இந்தக் கணக்குச் செல்லாது. பனடோல் அப்படித் தடுப்பதில்லை.

"குலை வெட்டுற வேலை. தினமும் பொன்ஸ்தான் போட்டுத்தான் வேலைக்குப் போறேன். குடலுக்கும் நல்லதுதானே, அப்படியே தொடரலாமா?"

வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இந்த எண்ணம்தான் அதிகம் கெடுதல் செய்கிறது. பொன்ஸ்தான், வோல்ட்டரன் போன்றவற்றைத் தினமும் சாப்பிட்டுப் புற்றுநோயைத் தடுக்கச் சொல்லும் வழிகாட்டி எதுவும் இல்லை. சிறுநீரகம் கெடுவதற்கு மட்டும் ஆதாரம் ஏராளம்.

காலை ஏழு மணிக்கே செம்பனைக் காட்டுக்குள் போய் வியர்த்து வடிந்து, தண்ணீரும் குறைவாகக் குடிப்பவருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் அதைத் தாங்கிப் பிடிப்பதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதையும் மாத்திரை நிறுத்திவிடுகிறது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவருக்கு ஆபத்து இரட்டிப்பு, நாட்டில் இனிப்புநீர் அதிகமிருப்பதோ நம்மவர்களிடம். ரத்தக் கொதிப்புக்கு பெரிண்டோபிரில் போன்ற மருந்தும், நீர் பிரியும் மாத்திரையும், அதன்மேல் வலி மாத்திரையும் சேர்ந்துவிட்டால் சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடக்கூடும்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால்: 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவருக்கும் தினம் மது குடிப்பவருக்கும் அதிலும் குறைவு, மருத்துவர் சொல்லும் அளவு. ஒரு இடத்தில் மட்டும் வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் தேய்க்கலாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பொன்ஸ்தான் போன்ற மாத்திரையே வேண்டும் என்றால் சாப்பாட்டுக்குப் பின், மூன்று முதல் ஐந்து நாள். அதற்கு மேலும் வலித்தால் கிளினிக்குக்குப் போங்கள். கிளினிக்கில் ஒன்று, கடையில் ஒன்று என்று வாங்கி இரண்டையும் விழுங்குவது அடிக்கடி நடக்கிறது. மாத்திரை அட்டையில் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் ஆகியவற்றில் எந்த இரண்டும் ஒரே நாளில் சேரக் கூடாது.

"கோட்டிங் போட்ட மாத்திரை வயித்தைப் புண்ணாக்காதாமே? ஊசின்னா இன்னும் நல்லதாமே?"

பூச்சு இருந்தால் மாத்திரை வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும். வயிற்று எரிச்சல் சற்றுக் குறையலாம். ஆனால் புண் வருவதற்குப் பெரிய காரணம் மாத்திரை தொடும் இடமல்ல, ரத்தத்தில் கலந்து வயிற்றின் காவலான காக்ஸ்-1ஐ அடைப்பது. ஊசியும் அதையேதான் செய்கிறது. வயிற்றைக் காக்க மருத்துவர் ஒமெப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் கொடுத்தால் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும்.

"ஆர்கோக்ஸியா, செலிப்ரெக்ஸ் வயித்துக்குப் பாதுகாப்புன்னு சொல்றாங்க. அதை வச்சே புற்றுநோயைத் தடுக்கலாமே?"

இந்த யோசனையில் உலகமே ஒருமுறை இறங்கிப் பார்த்துச் சூடுபட்டது. காக்ஸ்-2ஐ மட்டும் அடைத்தால் வயிறும் தப்பும், பாலிப்பும் அடங்கும் என்பது கணக்கு. பாலிப் எடுத்தவர்களுக்கு செலிகாக்சிப் (செலிப்ரெக்ஸ்) கொடுத்த சோதனையில் தினம் இரு வேளை 200 மில்லிகிராம் பாலிப் திரும்ப வருவதை 33 விழுக்காடும், 400 மில்லிகிராம் 45 விழுக்காடும் குறைத்தன. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய மரணம் இவை சேர்ந்து இரண்டு மடங்குக்கும் மேலாயின. 2004 டிசம்பரில் மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2004 செப்டம்பர் 30ஆம் தேதி, அதேபோல் காக்ஸ்-2ஐ அடைக்கும் வயோக்ஸ் என்ற மாத்திரை உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதன் கெடுதல் அம்பலமானதும் ஒரு பாலிப் தடுப்புச் சோதனையில்தான்.

ஆர்கோக்ஸியா அதே வகை. ரத்தக் கொதிப்பு 140/90க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

"எங்க அப்பாவுக்கு 44 வயசுல குடல்ல கேன்சர். பெரியப்பாவுக்கும் இருந்துச்சு. எனக்கு இப்ப 35. நான் ஆஸ்பிரின் ஆரம்பிக்கலாமா?"

ஆஸ்பிரின் உண்மையிலேயே பொருந்தக்கூடிய குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கொலோனோஸ்கோபி (கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது), பிறகு மரபணு ஆலோசனை, அதற்குப் பிறகே மாத்திரை. பெற்றோர், உடன்பிறந்தவருக்கு இளவயதில் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இவற்றில் எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் அது 34. ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், கிளினிக்கில் இந்த விவரத்தைச் சொல்லி மேல்சிகிச்சைக் கடிதம் கேளுங்கள்.

குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரைக் குறை உள்ள குடும்பங்களை அடையாளம் காண மருத்துவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நெருங்கிய உறவில் மூவருக்குக் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய், இரண்டு தலைமுறை, அதில் ஒருவருக்காவது 50 வயதுக்குள். இது முழுதும் பொருந்தாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் சொல்லலாம். அத்தைக்கு வந்த கர்ப்பப்பைப் புற்றுநோயை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, அதுவும் கணக்கில் வரும். இந்தக் குறை உள்ள 861 பேருக்கு நடந்த சோதனையில், தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினை இரண்டு ஆண்டுவரை சாப்பிட்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பிற்பாடு குடல் புற்றுநோய் வந்தது. இதை வைத்து பிரிட்டன் 2020இல், லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினை யோசிக்கலாம் என்று வழிகாட்டியது. 600 என்பது கார்டிபிரினைப் போல் ஆறு மடங்கு. தானாக ஆரம்பிக்கிற அளவல்ல.

"எங்களுக்குக் குடும்பத்துல யாருக்கும் இல்ல. அப்ப நாங்க என்னதான் செய்றது?"

50 முதல் 75 வயதுக்குள் இருந்தால், அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மலச் சோதனை. குடியுரிமை உள்ளவருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மனித ரத்தத்தை மட்டுமே அது காட்டுவதால் முதல்நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருந்தாலும் கவலையில்லை.

மலம் தண்ணீரில் விழுவதற்கு முன் காகிதத்தின் மேலோ சுத்தமான பிளாஸ்டிக்கின் மேலோ பிடிக்க வேண்டும். குச்சி உள்ள குப்பி கொடுத்தால், குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, வரிப்பள்ளம் நிறையும் அளவு எடுத்தால் போதும். அள்ளித் திணித்தால் சோதனை கெடும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மோட்டார் கூடையில் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வேண்டாம், சூட்டில் ரத்தப் புரதம் சிதைந்து இருக்கிற ரத்தமும் இல்லை என்று வரும். மாதவிடாய் நாளிலும் மூலம் கசியும் நாளிலும் எடுக்க வேண்டாம்.

ரத்தம் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. அடுத்தது கொலோனோஸ்கோபி, இங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பலாம். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். ஒரு பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டு ஆகும். அதை வெட்டி எடுப்பது எந்த மாத்திரையும் செய்யாத வேலை. இந்த நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு நோய் 3ஆம், 4ஆம் கட்டத்தில்தான் தெரிய வருகிறது என்பது எங்களை வருத்துகிறது. ஒரு வெள்ளிச் சோதனை பக்கத்திலேயே இருக்கிறது.

"சோதனைக்கு முன்னாடி கார்டிபிரினை நிறுத்தணுமா? மூலம் இருக்கு, ரத்தம் வந்தா அதுனாலதானே?"

மலச் சோதனைக்காக நிறுத்த வேண்டாம். கொலோனோஸ்கோபிக்கும் பெரும்பாலும் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தேதி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ரத்தத்தை மூலத்தின் தலையிலும் கார்டிபிரினின் தலையிலும் போட்டுவிட்டு இருப்பது ஆபத்து. மூலம் உள்ளவருக்கும் கட்டி வரும். ஆஸ்பிரின் சில நேரம் உள்ளே மறைந்திருக்கும் கட்டியைக் கசிய வைத்துக் காட்டிக்கொடுக்கும்.

"அம்மாவுக்கு 74. இப்ப ஆஸ்பிரின் ஆரம்பிச்சாலும் பலன் உண்டா?"

புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய, உடல்நலமுள்ள 19,114 பேரில் பாதிப் பேருக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவில் பலன் இல்லை, கடும் ரத்தக் கசிவு கூடியது, புற்றுநோய் மரணம்கூடச் சற்று அதிகம். ஏற்கெனவே இதயத்துக்காகச் சாப்பிடும் அம்மாவுக்கு இது பொருந்தாது.

"மஞ்சளும் அழற்சியைத் தணிக்கும்தானே? ஜாமு குடிச்சா மூட்டு வலியும் போகுது."

குழம்பில் போடும் மஞ்சள் நல்லது, போடுங்கள். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடச் செல்களில் வேலை செய்கிறது, ஆனால் சாப்பிடும்போது ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. மனிதர்களுக்குக் குடல் புற்றுநோயைத் தடுத்ததாக நிரூபணமில்லை.

ஒரே நாளில் வலியைப் போக்கும் ஜாமு, மாஜுன் உருண்டை என்ற நாட்டு மூலிகை மருந்துகள் சந்தேகத்துக்குரியவை. அப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் ரகசியமாகக் கலந்திருப்பதைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஏற்கெனவே கார்டிபிரின் சாப்பிடுபவர் அதையும் விழுங்கினால் வயிறு ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். பொட்டலத்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியதில் இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள்.

"குடல் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஆஸ்பிரின் குடுத்தா திரும்ப வராதாமே?"

சிலருக்கு. 2025இல் வந்த வடஐரோப்பியச் சோதனையில், கட்டியில் பிஐ3கே என்ற மரபணு வழித்தட மாற்றம் இருந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் மூன்று ஆண்டு தினம் 160 மில்லிகிராம் கொடுத்தபோது, நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கட்டியில் அந்த மாற்றம் உண்டா என்று பரிசோதித்தால்தான் தெரியும். புற்றுநோய் மருத்துவரிடம் இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள்.

"காய்ச்சல் வந்தா இந்த வலி மாத்திரையே போதும்தானே?"

கூடாது. இங்கே காய்ச்சல் என்றால் டெங்கி இல்லை என்று தெரியும்வரை பனடோல் மட்டும்தான். டெங்கியில் ரத்தத்தட்டு எண்ணிக்கை குறையும். அதன்மேல் ஆஸ்பிரினோ பொன்ஸ்தானோ போனால் கசிவு அடங்காது. கார்டிபிரின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள், தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் அறவே வேண்டாம், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய் வரலாம்.

"மலம் கறுப்பாப் போகுது. மாத்திரையாலயா?"

இரும்புச் சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், ஆனால் அது பிசுபிசுப்பில்லாத கறுப்பு. தார் போல ஒட்டி, கெட்ட வாடை வீசினால் மேல்வயிற்றில் ரத்தம் கசிகிறது. தலைச்சுற்றல், வியர்வை, படபடப்பும் சேர்ந்தால் 999ஐ அழையுங்கள், மோட்டாரில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

"பல்லு புடுங்கணும். அதுக்காக ஒரு வாரம் கார்டிபிரினை நிறுத்திட்டேன். சரிதானே?"

ஸ்டென்ட் உள்ளவர் தானாக நிறுத்துவது மிகவும் ஆபத்து. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். சாதாரணப் பல் பிடுங்கலுக்கு ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை, பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தால் பெரும்பாலும் ரத்தம் நிற்கும். பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறுத்தியிருந்தால், கார்டிபிரின் எழுதிக் கொடுத்த மருத்துவரை இன்றே பாருங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு மூன்றாக விழுங்க வேண்டாம்.